பலாநிழலில் ஒரு பாடம்

யாழ்தேவி ஆனையிறவைக் கடந்து பளையை அண்மித்ததும் வண்டிக்குள் இருப்போர் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றும். அதுவரை உறங்கிக் கிடந்தவர்கள் எழுந்து தலையைச் சீவிக்கொள்வார்கள். வெட்டவெளியும் உவர்நிலமும் பின்னே ஓட, பனையும் தென்னையும் எதிர்கொண்டு வரும். மிருசுவிலும் கொடிகாமமும் மீசாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். மண்ணின் நிறம் மாறுவதையும், வேலிகள் நெருங்குவதையும், வேலிக்கு மேலாக மாவும் பலாவும் தலைநீட்டுவதையும் கண்டால் தென்மராட்சியின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம் என்று அறியலாம். அடுத்து வருவது சாவகச்சேரி.

ஓர் ஆனி மாதத்து விடுமுறையில் நாம் அங்கு இறங்கினோம். ஊர் பார்க்கப் போனோம் என்று சொல்வதற்கில்லை. எம் தமக்கையார் அங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவரை இழந்து சில ஆண்டுகளாகின்றன. "ஒருக்கால் வந்து இவனோடை கதைச்சுப்போட்டுப் போ, தம்பி" என்று தொலைபேசியில் அவர் சொன்ன குரலில் இருந்த தளர்ச்சியே எம்மை வண்டியேற்றியது. 'இவன்' என்றது பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலும் அவருடைய ஒரே மகனை.

சாவகச்சேரி யாழ்ப்பாண நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில், கண்டி வீதியில் அமைந்த ஊர். சாவகர் குடியேறிய சேரி ஆதலால் சாவகச்சேரி எனப் பெயர் பெற்றது என்பர். 13ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து இலங்கையின் மேல் படையெடுத்த சாவக மன்னன் சந்திரபானுவின் நினைவை இப்பெயரோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அது எவ்வாறாயினும், வடபகுதிக்குப் புகையிரதம் வந்த வரலாற்றில் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. 1902இல் காங்கேசன்துறையிலிருந்து முதன்முதலாக வண்டி ஓடியது சாவகச்சேரி வரைக்குமே. கொழும்பிலிருந்து நேரே வண்டி வந்தது அதற்குப் பின்னர், 1905இல். 1990இல் நின்றுபோன அந்த ஓட்டம் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது 2014இல். இடைப்பட்ட காலத்தில், 2000ஆம் ஆண்டுப் போரில், இவ்வூர் மக்கள் அனைவரும் வீடு வாசல்களை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரையில்லை. சில வீடுகளுக்குச் சுவருமில்லை.

எம் தமக்கையாரின் வீடும் அவ்வாறு கூரை இழந்ததே. ஆனால் முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் நின்ற பலாமரம் மட்டும் ஒரு கிளை முறிந்ததோடு தப்பிக்கொண்டது. அத்தான் இளமையில் நட்ட மரம் அது. இடம்பெயர்ந்து வந்தவர்கள் அதன் நிழலில்தான் முதலில் அடுப்பு மூட்டினார்கள். "வீடு எங்களை விட்டிட்டுது, மரம் விடேல்லை" என்று அத்தான் சொல்லுவார். தென்மராட்சிப் பலாவின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மட்டுவில் கத்தரிக்காய்க்கும் சாவகச்சேரிப் பலாப்பழத்துக்கும் சந்தையில் ஊர்ப்பெயரே விலை.

நாம் படலையைத் திறந்தபோது அம்மரத்தின் அடியில் இரண்டு அந்நியர் நின்று நூல் பிடித்து அடிமரத்தின் சுற்றளவை அளந்துகொண்டிருந்தனர். எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. தமக்கையார் குசினி வாசலில் முந்தானையைப் பற்றியவாறு நின்றார்.

செய்தி இதுதான். மருமகன் கைத்தொலைபேசி வழியே பணம் வைத்துச் சீட்டாடியிருக்கிறான். போக்கர் என்னும் ஆட்டம். முதலில் பொழுதுபோக்காகத் தொடங்கியது, பின்னர் விடுதிக் கட்டணத்தைத் தின்றது. பின்னர் நண்பர்களிடம் பெற்ற கடனைத் தின்றது. இறுதியில் தாயின் சங்கிலி அடகு கடைக்குப் போயிற்று. எல்லாமாக ஒன்றரை இலட்சம் ரூபா. பலாமரத்தைத் தறிப்பதற்கு அரசாங்க அனுமதி வேண்டும். அதற்கும் விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார்கள். மர வியாபாரி ஒரு விலை சொல்லிவிட்டு, "மறுமொழியை நாளைக்குச் சொல்லுங்கோ" என்று கூறிப் போனார்.

மருமகன் அறைக்குள் இருந்தான். நாம் கண்டித்துப் பேசவில்லை. கல்லூரியில் இருபது ஆண்டுக்கு மேலாக இளைஞரோடு பழகியதில் நாம் கற்ற ஒன்று, குற்றவாளியாக நிறுத்தப்பட்டவன் எதையும் கற்பதில்லை என்பதே. "அந்த ஆட்டத்தை எமக்குச் சொல்லிக் கொடு" என்றோம். அவன் வியப்போடு எம்மைப் பார்த்தான். பிறகு ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் பாயில் பரப்பினான்.

வாசகர்க்கும் அதனைச் சுருக்கிச் சொல்லுதல் வேண்டும். ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். பின்னர் மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்றும், பிறகு ஒன்றும், கடைசியாக ஒன்றுமாக ஐந்து சீட்டுகள் விரிக்கப்படும். தன் இரண்டையும் பொதுச் சீட்டு ஐந்தையும் சேர்த்து, அவற்றுள் சிறந்த ஐந்தைக் கொண்டவன் வெல்வான். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கட்டியவனுக்கு ஈடு கொடுக்கலாம், உயர்த்தலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். இவன் ஆடியது 'லிமிட்' என்னும் வகை. அதில் பந்தயத்தின் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. முதல் இரு சுற்றுகளில் ஓர் அளவு. பின் இரு சுற்றுகளில் அதன் இருமடங்கு. கண்டபடி உயர்த்த முடியாது. ஆதலால் அது அடக்கமான ஆட்டம் என்று அவன் நம்பியிருக்கிறான்.

"மாமா, என்ரை கையிலை ஆசும் ஏழும். நடுவிலை ஆசு, ஒன்பது, நாலு விழுகுது. எனக்கு ஆசுச் சோடி. அதுக்கு மேலை ஒரு சோடி இல்லை. இதை எப்பிடி எறியிறது?" என்றான்.

எறியக்கூடாதுதான். ஆனால் எதிரே இருப்பவன் ஏன் விடாமல் உயர்த்துகிறான்? அவன் கையிலும் ஓர் ஆசு இருந்தால்? அதற்குத் துணையாக ராசா இருந்தால்? சோடி இருவருக்கும் ஒன்றே; அப்போது வெற்றியைத் தீர்மானிப்பது பக்கத்துச் சீட்டு. ராசாவுக்கு முன் ஏழு என்ன செய்யும்? நாமும் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். இருவர் கையிலும் நடுவிலுமாக ஏழு சீட்டுகள் போக எஞ்சியவை 45. அவற்றுள் இவனைக் காப்பாற்றக்கூடியவை பெரும்பாலும் மூன்று ஏழுகளே. அடுத்து வரும் இரண்டு சீட்டுகளில் ஒன்றாவது ஏழாக அமையும் வாய்ப்பு 100க்கு 13 அளவே. பெருஞ்சீட்டு கையில் இருக்கிறது. ஆனால் அதற்குத் துணையில்லை. இவனுடைய ஒன்றரை இலட்சமும் ஒரே இரவில் போகவில்லை. இத்தகைய கைகள் பலவற்றில், சிறிது சிறிதாக, 'ஆசு இருக்கிறதே' என்ற மயக்கத்தில் போயிருக்கிறது.

அப்பொழுது வெளியே ஓர் இருமல் கேட்டது. பக்கத்து வளவுப் பெரியவர் வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையானால் பலாமரத்தடியில் பாய் விரித்து 304 ஆடுவது அவருடைய வழக்கம். அன்று ஒரு கை குறைந்தது. "வாத்தியார் வந்திருக்கிறார் எண்டு கேள்விப்பட்டன். ஒரு கை பிடியுங்கோவன்" என்றார். மருமகனையும் கூப்பிட்டார். அவன் தயங்கினான்; தாயைப் பார்த்தான். பெரியவர் மடியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்துக் காட்டி, "பயப்பிடாதை பிள்ளை, இதுதான் இங்கத்தைக் காசு" என்று தமக்கையாரிடம் சொன்னார்.

யாழ்ப்பாணத்தார் இருக்கும் இடமெல்லாம் 304 இருக்கும். கலியாண வீட்டின் முதல்நாள் இரவும், செத்த வீட்டின் நெடிய இரவும் இதில்தான் கழிந்தன. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இது நடைபெறுகிறது. சீட்டுகள் 32. ஓர் இனத்துக்கு எட்டு. ஜாக் எனப்படும் ஏவலனுக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304. அரசனுக்கு மூன்றும் அவன் ஏவலனுக்கு முப்பதும் வழங்கிய இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தரின் 'கிளாவர்யாஸ்' என்னும் ஆட்டத்திலும் துரும்பு இனத்தில் ஜாக் முதல், ஒன்பது இரண்டாவது, ஆசு மூன்றாவது, பத்து நான்காவது என்றே வரிசை. 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள் என்பதை நினைத்தால் இந்த ஒற்றுமை வியப்பளிக்காது.

எதிரெதிரே இருப்பவர் கூட்டாளிகள். முதலில் நால்வருக்கும் நான்கு நான்கு சீட்டுகள். அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். இத்தனை புள்ளி எடுப்போம் என்று கூடுதலாகக் கேட்டவர் துரும்பை மறைத்து வைப்பார். அதன் பின்னரே மற்ற நான்கு சீட்டுகளும் வரும். ஆகவே பாதிக் கையைப் பார்த்து முழுக் கைக்கு வாக்குக் கொடுக்கும் ஆட்டம் இது. கேட்டபடி எடுக்காவிட்டால், வென்றால் வரக்கூடியதைக் காட்டிலும் மிகுதியாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

எமக்குக் கூட்டாளி பெரியவர். மருமகனும் மற்றோர் அயலவரும் எதிரணி. நாலைந்து ஆட்டம் நயமாகவே போயிற்று. பிறகு எம் கைக்கு ஆட்டின் ஜாக் வந்தது. கூடவே ஆட்டின் ராணியும் ஏழும். புறம்பாக இஸ்பேட் ஆசு. அயலவர் 160 கேட்டார். பத்துப் பத்தாக உயர்த்துவதே வழக்கம். 170 என்றால் போதும். ஆனால் முப்பது புள்ளி ஏவலன் கையிலிருந்து எம்மைப் பார்த்துச் சிரித்தான். 'இருநூறு' என்றோம். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக எம்மை ஒரு முறை பார்த்தார்.

ஆட்டினைத் துரும்பாக வைத்தோம். பின்னர் வந்த நான்கு சீட்டுகளில் ஒரு நல்லதும் இல்லை. துரும்பு வெளிப்பட்ட பின் ஜாக்கை இறக்கினோம். பெரியவர் பத்தைப் போட்டார். அயலவர் ராசாவைப் போட்டார். மருமகன் எட்டைப் போட்டான். நாற்பத்துமூன்று புள்ளி. மகிழ்ச்சியோடு ராணியை இறக்கினோம். மருமகன் ஒன்பதை வைத்துப் பிடித்தான். அவன் கையில் துரும்பு ஆசும் இருந்தது. எம்மிடம் எஞ்சியது ஒரு ஏழு. அதன் பிறகு ஆட்டம் எம் கையில் இல்லை. இறுதியில் எண்ணியபோது எமக்கு 178, அவர்களுக்கு 126. 170 கேட்டிருந்தால் எட்டுப் புள்ளி மிச்சத்தோடு வென்றிருப்போம். அதே சீட்டுகள், அதே ஆட்டம். கேள்வி ஒன்று மாத்திரமே பிழை.

பெரியவர் கோபிக்கவில்லை. எம் தோல்விக்காக அவரும் தம் புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தார். பிறகு எம்மை விட்டு மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, ஜாக் வந்தால் கேக்கத்தான் வேணும். கேக்காமல் விடுறவன் பயந்தவன். ஆனால் ஜாக்கைப் பாத்துக் கேக்கக்கூடாது. ஜாக்குக்குப் பக்கத்திலை என்ன நிக்குது எண்டு பாத்துக் கேக்க வேணும். பக்கத்திலை ஒன்பது நிண்டால் பெரிசாய்க் கேள். ஏழு நிண்டால் சின்னனாய்க் கேட்டுப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு இரு. மாமா கேட்டது பிழையில்லை. கூடக் கேட்டதுதான் பிழை."

மருமகன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. எம்மோடு கணக்குப் போட்டபோது விளங்காத ஒன்று இப்போது அவனுக்கு விளங்கியது போலிருந்தது. அவன் வாய் திறந்தான். "அப்பு, நீங்கள் சொல்லுறதைத்தான் நான் ஆடின ஆட்டத்திலையும் சொல்லுகினம். நடுவிலை ஆறு பங்கு குவிஞ்சு கிடக்க, ஒரு பங்கு குடுத்து மற்றவன்ரை சீட்டைப் பாக்கலாம் எண்டால், ஏழு தரத்திலை ஒரு தரம் வெண்டாலே முதல் தேறும். அதாலை ஆசுச் சோடியை எறியக்கூடாது. ஈடு மட்டும் குடுத்துக்கொண்டு போக வேணும். நான்தான் ஒவ்வொரு முறையும் உயர்த்தினனான்."

இது அவனுடைய நேர்மையான வாக்குமூலம். ஆனால் அத்தோடு நிறுத்தாமல், தான் கணக்கைச் சரியாகப் பயின்றால் இழந்ததை மீட்கலாம் என்னும் எண்ணத்தையும் வெளியிட்டான். 2015 சனவரியில், கனடாவிலுள்ள அல்பேட்டா பல்கலைக்கழக அறிஞர்கள், இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெம் ஆட்டத்தைக் கணினியால் ஏறக்குறைய முற்றாகத் தீர்த்துவிட்டதாக 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அக்கணினி நிரலின் பெயர் செபியஸ். ஒருவன் வாழ்நாள் முழுவதும் அதனோடு ஆடினாலும் அதில் குறை இருப்பதாக நிறுவ முடியாது என்றெல்லாம் ஆர்வத்தோடு விளக்கினான்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப, அந்தக் கணினியோடை மல்லுக்கட்டத்தான் கொம்மா சங்கிலியை ஈடு வைச்சவவோ?" என்றார்.

அவன் மௌனமானான். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக் கூறினோம். இந்தப் பாயில் உள்ள புளியங்கொட்டைகளை எண்ணிப் பார். ஆட்டம் தொடங்கும்போது இருந்த தொகையே முடியும்போதும் இருக்கிறது. கை மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் பணம் வைத்து ஆடுவிக்கும் இடங்களில் மேசை போட்டவன் குவியலிலிருந்து தனக்கென ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறான். சமமான திறமையுடைய நால்வர் ஓராண்டு ஆடினால் நால்வரும் இழப்பார்கள். மேசைக்காரன் மட்டும் இழப்பதில்லை. அங்கே பாயிலேயே ஓட்டை இருக்கிறது. துணையில்லாத ஆசை எப்படிக் கையாள்வது என்று நீ கற்றுக்கொள்ளலாம். ஓட்டையை அடைக்க உன்னால் முடியாது.

வள்ளுவர் பொருட்பாலில் சூது என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது நூலின் 94ஆம் அதிகாரம். தருமன் நாட்டைத் தோற்றான்; நளன் நகரைத் தோற்றான். இவர்களெல்லாம் அறிவிலிகளா? அல்லர். கையில் ஏதோ ஒரு பெருமை இருக்கக் கண்டவர்கள். அதன் பக்கத்தில் நின்றது எது என்று பார்க்கத் தவறியவர்கள். மாணவருக்கும் இது பொருந்தும். ஒரு பாடத்தில் அதிதிறமைச் சித்தி பெற்றவன் மற்றப் பாடங்களைக் கைவிடுவதும், ஒரு நல்ல சம்பந்தத்தை நம்பிக் கடன்மேல் கடன் வாங்கும் பெற்றோர் செயலும் ஆசும் ஏழும் சேர்ந்த கையே.

பொழுது சாய்ந்தது. கண்டி வீதியில் பேருந்துகளின் ஒலி அடங்கியது. தமக்கையார் பலாப்பழத்தைப் பிளந்து, கையில் எண்ணெய் தடவிச் சுளைகளை எடுத்து ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். யாரும் பேசாமல் உண்டோம். முதலில் பேசியவன் மருமகன்தான்.

"அம்மா, மரக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. சங்கிலியை நான் மீட்டுத் தாறன். பின்னேரத்திலை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பன். ஒரு வருசம் செல்லும்."

தமக்கையார் உடனே நம்பிவிடவில்லை. அவன் முன்பும் வாக்குக் கொடுத்திருக்கிறான். அவர் எம்மைப் பார்த்தார். நாம் பெரியவரைப் பார்த்தோம்.

"ஒரு வருசம் எண்டு கேக்கிறான்," என்றார் பெரியவர். "மாசம் எவ்வளவு எண்டு கேள் பிள்ளை."

அவன் ஒரு தொகை சொன்னான். பெரியவர் தலையை அசைத்தார். "கூடக் கேக்கிறாய். கையிலை ஏழுதான் நிக்குது. குறைச்சுக் கேள்."

அவன் மீண்டும் எண்ணிப் பார்த்து, முதலிற் சொன்னதில் பாதியைச் சொன்னான். ஒரு வருடம் இரண்டு வருடமாயிற்று. அப்பொழுதுதான் தமக்கையாரின் முகம் சிறிது தெளிந்தது. எஞ்சியதில் நண்பர்களுக்குரிய கடனை நாம் ஏற்றுக்கொண்டோம். அதையும் அவன் எமக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

மறுநாட் காலை வியாபாரி வந்தபோது தமக்கையாரே படலையடிக்குப் போய் மறுமொழி சொன்னார். நாம் வண்டியேற நிலையத்துக்குப் புறப்பட்டோம். மருமகன் எம் பையைச் சுமந்துகொண்டு வந்தான். அவன் எத்தனை மாதம் சொன்னபடி நடப்பான் என்பதை நாம் அறியோம். துரும்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறான். மற்ற நான்கு சீட்டும் இனித்தான் வரவேண்டும். ஆனால் இம்முறை அவன் அளவோடு கேட்டிருக்கிறான்.

வண்டி நகர்ந்தது. வேலிகளுக்கு மேலாகத் தெரிந்த மரங்களுள் எது எம் அத்தான் நட்ட மரம் என்று நாம் தேடினோம். தென்மராட்சியில் அத்தனை பலாமரங்கள்! எது என்று தெரியவில்லை. அது அங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது.